‘ஓஜூர்துயி’: ஒரு பிரெஞ்சுச் சொல்லின் கால்வழி

ஒரு சொல் எங்கிருந்து வந்தது, எந்தெந்த வடிவங்களைக் கடந்து இன்றைய நிலையை அடைந்தது என்று ஆராயும் துறைக்குச் சொற்பிறப்பியல் என்று பெயர். இரண்டு மொழிகளில் உள்ள இரண்டு சொற்கள் காதுக்கு ஒன்றுபோல் ஒலிப்பதைக் கொண்டே அவற்றை உறவாக்கிவிடும் வழக்கம் எல்லா நாடுகளிலும் நெடுங்காலம் இருந்தது. பிரான்சிலும் 1650இல் பிரெஞ்சுச் சொற்களின் மூலங்களைத் தொகுத்து வெளியிட்ட ழில் மெனாழ் போன்ற அறிஞர்கள் பல சொற்களுக்குச் சரியான மூலத்தைக் கண்டறிந்தபோதும், வேறு பலவற்றுக்கு எழுத்துகளை வேண்டியபடி மாற்றியும் கூட்டியும் ஊகமாகவே விடை சொன்னார்கள். 19ஆம் நூற்றாண்டில் உருப்பெற்ற வரலாற்று மொழியியல், ஒலிகள் மனம்போனபடி மாறுவதில்லை, ஒரே சூழலில் வரும் ஒரே ஒலி ஒரு மொழியின் எல்லாச் சொற்களிலும் ஒரே வகையாகத்தான் மாறும் என்பதை நிறுவி, ஊகத்துக்கு மாறாக விதியை முன்வைத்தது. அந்த முறை செயல்படும் விதத்தைக் காண்பதற்குப் பிரெஞ்சு மொழியில் ‘இன்று’ என்று பொருள்படும் ‘ஓஜூர்துயி’ என்னும் சொல் மிகப் பொருத்தமானது. அன்றாடம் புழங்கும் இச்சொல்லைப் பழம் பிரெஞ்சு, லத்தீன், லத்தீனுக்கும் முந்தைய இந்தோ-ஐரோப்பிய மூலமொழி எனப் படிப்படியாகப் பின்தொடர முடிகிறது. அவ்வாறு தொடரும்போது, பகல் என்னும் பொருளுடைய ஒரே வேர் இரண்டு வேறு வழிகளில் வந்து இச்சொல்லுக்குள் சேர்ந்திருப்பது வெளிப்படுகிறது.

இக்கட்டுரையில் வரும் அயல்மொழிச் சொற்களில் உள்ள தகரத்தைப் பெரும்பாலும் ‘பந்து’ என்னும் சொல்லில் ஒலிப்பதுபோல், அதாவது குரல்வளை அதிர ஒலிக்கும் ஒலியாகப் படிக்க வேண்டும்.

சொல்லின் உறுப்புகள்

இன்றைய பிரெஞ்சு அகராதிகள் ஓஜூர்துயியை ஒரே சொல்லாகத்தான் பதிகின்றன. எனினும் எழுதும்போது அதன் நடுவில் அபாஸ்ட்ரபி என்னும் மேற்குறி ஒன்று இடப்படுகிறது. அடுத்த சொல் உயிரொலியில் தொடங்குவதால் முந்தைய சொல்லின் இறுதி உயிர் கெட்டுவிட்டது என்பதைக் காட்டும் இக்குறி 16ஆம் நூற்றாண்டில் அச்சுக்கலையோடு பிரெஞ்சு எழுத்துமுறைக்குள் வந்தது. சொற்கள் ஒட்டி ஒன்றான பிறகும் இக்குறி நீங்காமல் நிற்பதால், இது ஒருகாலத்தில் தனிச்சொற்களின் தொடராக இருந்தது என்பதைக் கண்ணாலேயே காண முடிகிறது. அத்தொடரில் நான்கு உறுப்புகள் உள்ளன: ‘ஓ’ என்பது இடப்பொருள் உருபும் ‘அந்த’ எனச் சுட்டும் சொல்லும் சேர்ந்தது, ‘ஜூர்’ என்பது நாள், ‘த்’ என்பது ‘உடைய’ எனப் பொருள்படும் ‘தெ’ என்னும் சொல்லின் எச்சம், ‘உயி’ என்பது இன்று. எல்லாவற்றையும் கூட்டினால் ‘இன்றைய நாளில்’ என்று பொருள் கிடைக்கிறது.

முதல் உறுப்பாகிய ‘ஓ’ என்னும் ஒற்றை உயிருக்குள்ளேயே ‘அத்’, ‘இல்லும்’ என்ற இரண்டு லத்தீன் சொற்கள் அடங்கியுள்ளன. அவை பழம் பிரெஞ்சில் ‘அல்’ என்று ஒன்றாகச் சுருங்கின; பின்னர், மெய்யெழுத்துக்கு முன் நிற்கும் லகரம் உகரமாக மாறும் பொதுமாற்றத்துக்கு உட்பட்டு ‘அவ்’ போன்ற கூட்டொலியாகி, இறுதியில் ‘ஓ’ என்று நின்றன. விடியலைக் குறித்த லத்தீன் ‘அல்பா’ பிரெஞ்சில் ‘ஓப்’ என்றும், மற்றொன்று என்னும் பொருளுடைய ‘அல்தெரும்’ ‘ஓத்ர்’ என்றும் ஆனதும் இதே மாற்றத்தால்தான். குதிரை என்பது ஒருமையில் ‘ஷெவால்’ என லகரத்தோடும் பன்மையில் ‘ஷெவோ’ என ஓகாரத்தோடும் வருவதற்கும் இதுவே காரணம். பன்மை விகுதியாகிய மெய்யொலி பின்னால் நின்றதால் அங்கு மட்டும் லகரம் மாறியது.

லத்தீன் பிரெஞ்சான வரலாறு

கி.மு. 58 முதல் 50 வரை நடந்த போர்களில் ஜூலியஸ் சீசர் கைப்பற்றிய கால் நாட்டில், அதாவது இன்றைய பிரான்சும் அதைச் சூழ்ந்த பகுதிகளும் அடங்கிய நிலத்தில், கெல்திய இனத்து மொழி வழங்கியது. படைவீரர்களும் வணிகர்களும் அரசு அலுவலர்களும் கொண்டுவந்த பேச்சு லத்தீன் அடுத்த சில நூற்றாண்டுகளில் அம்மொழியின் இடத்தைப் பிடித்தது. ரோமப் பேரரசு வீழ்ந்தபின் அங்கே ஆட்சியமைத்த பிராங்குகள் என்னும் ஜெர்மானிய மக்கள் தங்கள் சொற்கள் சிலவற்றை அதில் சேர்த்தபோதும், மொழியின் உடல் லத்தீனாகவே இருந்தது. ஆனால் எழுதப்பட்ட லத்தீனுக்கும் மக்கள் பேசியதற்கும் இடைவெளி வளர்ந்துகொண்டே போனது. 813இல் தூர் நகரில் கூடிய திருச்சபைப் பேரவை, மறையுரைகளை மக்களுக்குப் புரியும் நாட்டுப்புற ரோமானிய மொழியிலோ ஜெர்மானிய மொழியிலோ பெயர்த்துரைக்க வேண்டும் என்று ஆயர்களுக்குக் கட்டளையிட்டதிலிருந்து, லத்தீன் பொதுமக்களுக்கு விளங்காத மொழியாகிவிட்டது என்பது தெரிகிறது.

அப்பேச்சுமொழி முதன்முதலாகத் தொடர்ச்சியான உரையாக எழுத்தில் பதிவானது 842ஆம் ஆண்டு பிப்ரவரி 14 அன்று ஸ்திராஸ்பூர் நகரில் எடுக்கப்பட்ட உறுதிமொழிகளில்தான். பேரரசர் சார்லமானின் பேரர்களான லூயியும் சார்லசும் தங்கள் மூத்த சகோதரர் லோதருக்கு எதிராகக் கூட்டு சேர்ந்தபோது, ஒவ்வொருவரும் மற்றவருடைய படைவீரர்களுக்குப் புரியும் மொழியில் ஆணையிட்டனர். ஜெர்மானியப் பகுதியை ஆண்ட லூயி ரோமானிய மொழியிலும், மேற்குப் பகுதியை ஆண்ட சார்லஸ் ஜெர்மானிய மொழியிலும் பேசினர். அவர்களுடைய உறவினரான நிதார்து என்னும் வரலாற்றாசிரியர் இரு உரைகளையும் சொல்லுக்குச் சொல் தம் நூலில் பதிந்துவைத்தார். பிரெஞ்சின் மிகப் பழைய ஆவணமாகக் கருதப்படும் அவ்வுரையில், ‘இந்த நாள் முதல்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில், நாளைக் குறிக்க ‘ஜூர்’ வரவில்லை. லத்தீன் ‘தியேஸ்’ என்பதன் நேர்வழித் தோன்றலான ‘தி’ என்னும் ஓரெழுத்துச் சொல்லே வருகிறது. நாளைக் குறித்த பழைய சொல் ஒன்று வழக்கொழிந்து, வேறொன்று அதன் இடத்துக்கு வந்தது என்பதற்கு இது நேரடிச் சான்றாகும்.

‘ஹோதியே’ என்பது ‘உயி’ ஆனது

லத்தீனில் இன்று என்பதைக் குறித்த சொல் ‘ஹோதியே’. ‘இந்த’ எனச் சுட்டும் ‘ஹோ’ என்னும் அடியும், நாள் என்னும் பொருளுடைய ‘தியேஸ்’ என்பதன் வேற்றுமை வடிவமாகிய ‘தியே’ என்பதும் சேர்ந்து ‘இந்த நாளில்’ என்று பொருள்பட்ட கூட்டுச்சொல் அது. இதன் முதலில் இருந்த ஹகர ஒலி மக்கள் பேச்சில் மிக முன்னரே மறைந்துவிட்டது. இன்று பிரெஞ்சு எழுத்தில் அந்த எழுத்து இடப்பட்டாலும் ஒலிப்பதில்லை. நடுவில் இருந்த தகரமும் அதன்பின் வந்த இகரமும் விரைந்து ஒலிக்கப்பட்டபோது, இகரம் யகரமாகக் குறுகி, ‘த்ய்’ என்னும் கூட்டு உண்டானது. இகரமோ யகரமோ அருகில் இருந்தால், பல்லைத் தொட்டு ஒலிக்க வேண்டிய தகரத்துக்காக எழும் நாக்கு அண்ணத்தை நோக்கி வளைந்துவிடுவது பல மொழிகளில் காணப்படும் இயல்பு. தமிழ்ப் பேச்சில் ‘படித்தான்’ என்பது ‘படிச்சான்’ என்றும், ‘ஐந்து’ என்பது ‘அஞ்சு’ என்றும் ஆவது இவ்வியல்பினால்தான். தமிழில் இகரமும் ஐகாரமும் தகரத்துக்கு முன்னால் நின்று அதை மாற்றுகின்றன, லத்தீனில் யகரம் பின்னால் நின்று மாற்றியது.

இந்த மாற்றத்தின் விளைவு லத்தீனின் வாரிசு மொழிகள் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு வகையாக அமைந்தது, ஆனால் ஒவ்வொரு மொழிக்குள்ளும் ஒழுங்காக அமைந்தது. உயர்ந்த மேடையைக் குறித்த லத்தீன் ‘பொதியும்’ என்னும் சொல்லை ‘ஹோதியே’ என்பதோடு இணைத்துப் பார்த்தால் இவ்வொழுங்கு விளங்கும். இத்தாலியத்தில் முன்னது ‘பொஜ்ஜோ’ என்றும் பின்னது ‘ஓஜ்ஜி’ என்றும் ஆயின. ஸ்பானியத்தில் ‘போயோ’ என்றும் ‘ஓய்’ என்றும் ஆயின. பிரெஞ்சில் ‘புயி’ என்றும் ‘உயி’ என்றும் ஆயின. பிரான்சின் நடுப்பகுதியில் உள்ள எரிமலைக் குன்றுகள் ‘புயி’ என்று வழங்குவதும், ‘புயி-தெ-தோம்’ என்னும் மலையின் பெயரில் அச்சொல் நிற்பதும் இதனால்தான். ஒரு சொல்லுக்கு மட்டும் பொருந்தும் விளக்கம் தற்செயலாக இருக்கலாம். ஆனால் ஒன்றோடொன்று பொருள் தொடர்பு எதுவுமில்லாத இரண்டு சொற்கள் மூன்று மொழிகளிலும் கைகோத்து மாறுவதைத் தற்செயல் என்று தள்ள இயலாது.

பிரெஞ்சில் இன்னும் ஒரு படி உண்டு. லத்தீனில் அழுத்தம் பெற்ற குறில் ஒகரத்துக்குப் பின் யகர ஒலி வந்தால், அவ்விரண்டும் சேர்ந்து பிரெஞ்சில் ‘உயி’ என்னும் கூட்டொலியாயின. எட்டைக் குறித்த ‘ஓக்தோ’ என்பதிலும் இரவைக் குறித்த ‘நோக்தெம்’ என்பதிலும் ககரம் யகரமாக நெகிழ்ந்ததால் அவையும் இவ்விதிக்குள் வந்து ‘உயித்’, ‘நுயி’ என்று ஆயின. தோலைக் குறித்த ‘கோரியும்’ என்பது ‘குயிர்’ என்று ஆயிற்று. சலிப்பைக் குறிக்கும் ‘ஆன்னுயி’ என்னும் சொல்லும், வெறுப்புக்கு உள்ளாதல் என்னும் பொருளில் ‘ஓதியோ’ என்ற லத்தீன் வடிவத்திலிருந்து இவ்வழியே வந்ததுதான். இப்படி எட்டு, இரவு, தோல், குன்று, சலிப்பு ஆகிய தொடர்பற்ற சொற்கள் அனைத்திலும் ஒரே விளைவு தோன்றுவதைத்தான் மொழியியலார் ஒலிவிதி என்கின்றனர்.

‘தியுர்னும்’ என்பது ‘ஜூர்’ ஆனது

நாளைக் குறித்த ‘தியேஸ்’ என்பதிலிருந்து, ‘பகலுக்குரிய’ என்று பொருள்படும் ‘தியுர்னுஸ்’ என்னும் பெயரடையை லத்தீன் மொழி ஆக்கிக்கொண்டிருந்தது. ரோமில் கி.மு. 59இல் சீசர் ஆட்சித் தலைமை ஏற்றபோது, பொதுநிகழ்வுகளை அன்றாடம் எழுதி வெளியிடுவதற்கு ஏற்பாடு செய்த ‘ஆக்தா தியுர்னா’ என்னும் அறிவிப்புகளின் பெயரில் இப்பெயரடை வருகிறது. காலப்போக்கில் பேச்சு லத்தீனில் இதன் ‘தியுர்னும்’ என்னும் வடிவம் பெயர்ச்சொல்லாகி, ‘நாள்’ என்றே பொருள்படத் தொடங்கியது. இதிலும் தகரமும் யகரமும் சேர்ந்த கூட்டு உண்டு. ஆனால் இது சொல்லின் முதலில் நிற்கிறது. பிரெஞ்சில் இக்கூட்டு இரண்டு உயிர்களுக்கு நடுவே வந்தால் வெறும் யகரமாகத் தேயும் என்பதை ‘ஹோதியே’ காட்டியது. சொல்லின் முதலில் வந்தால் அது ஜகரமாகும். எனவே ‘தியுர்னும்’ பழம் பிரெஞ்சில் ‘ஜோர்ன்’ என்றும், பின்னர் ‘ஜோர்’ என்றும், இறுதியில் ‘ஜூர்’ என்றும் ஆயிற்று. ஒரே மூலவொலி ஒரே சொல்லின் இரு பகுதிகளில் இரு வகையாக மாறியிருப்பது முரண்பாடுபோல் தோன்றினாலும், இருக்கும் இடத்தைக் கணக்கில் கொண்டால் இரண்டும் விதிக்கு உட்பட்டவையே.

‘ஜோர்ன்’ என்பதன் இறுதி னகரம் எங்கே போயிற்று என்ற கேள்விக்கும் விடை உண்டு. ரகரத்துக்குப் பின் சொல்லின் கடைசியில் நின்ற னகரம் பிரெஞ்சில் கெட்டுவிடும். பின்னால் ஓர் உயிர் வந்தால் கெடாது. அடுப்பைக் குறித்த ‘புர்னும்’ என்பது ‘பூர்’ என்றானாலும், ஓர் அடுப்பு ஈடு ரொட்டியைக் குறிக்கும் ‘பூர்னே’ என்பதில் னகரம் நிற்கிறது. குளிர்காலம் ‘இவேர்’ என்றானாலும் குளிர்காலத்தைக் கழித்தல் ‘இவேர்னே’ என்று நிற்கிறது. அவ்வாறே ‘ஜூர்’ என்பதில் மறைந்த னகரம், முழுப் பகற்பொழுதைக் குறிக்கும் ‘ஜூர்னே’ என்பதிலும், நாளிதழைக் குறிக்கும் ‘ஜூர்னால்’ என்பதிலும் இன்றும் ஒலிக்கிறது. ஆங்கிலத்தின் வழியாகத் தமிழ் வாசகர்கள் அறிந்த ‘ஜர்னல்’ என்னும் சொல் இந்த வழித்தோன்றலே.

பழைய ‘தியேஸ்’ என்னும் சொல் ஸ்பானியத்தில் ‘தியா’ என்று இன்றும் வழங்க, பிரெஞ்சில் அது ‘தி’ என்று ஒற்றை அசையாகச் சுருங்கி, ‘ஜூர்’ என்பதற்கு இடம்விட்டு ஒதுங்கியது. ஆயினும் அது அடியோடு அழியவில்லை. திங்கள்கிழமையைக் குறிக்கும் ‘லந்தி’ முதல் சனிக்கிழமையைக் குறிக்கும் ‘சாம்தி’ வரை ஆறு கிழமைப் பெயர்களின் இறுதியிலும், ஞாயிற்றுக்கிழமையைக் குறிக்கும் ‘திமான்ஷ்’ என்பதன் முதலிலும் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘முன்னொரு காலத்தில்’ எனப் பொருள்படும் ‘ஜாதிஸ்’ என்னும் சொல்லும், ‘ஏற்கெனவே நாட்கள் பல ஆயின’ என்று பொருள்பட்ட பழந்தொடர் ஒன்றின் சுருக்கமாகும். நண்பகலைக் குறிக்கும் ‘மிதி’ என்பதும் நடு என்னும் சொல்லோடு இந்தத் ‘தி’ சேர்ந்து உண்டானது. லத்தீனில் நண்பகலுக்கு வழங்கிய ‘மெரிதியேஸ்’ என்னும் சொல், நடு எனப் பொருள்படும் ‘மெதியுஸ்’ என்பதிலிருந்து பிறந்ததென்றால் ரகரம் எப்படி வந்தது என்ற ஐயம் எழக்கூடும், கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோம அறிஞர் வார்ரோ, முன்னோர் அதைத் தகரத்தோடுதான் வழங்கினர் என்றும், பிரைனெஸ்தே நகரத்துச் சூரிய கடிகாரம் ஒன்றில் அவ்வடிவம் பொறிக்கப்பட்டிருப்பதைத் தாமே கண்டதாகவும் எழுதிவைத்து அவ்வையத்தைத் தீர்த்திருக்கிறார். ஒரே ஒலி அடுத்தடுத்து இருமுறை வருவதைத் தவிர்க்க ஒன்று வேறொலியாகும் இம்மாற்றத்துக்கு வேற்றொலியாதல் என்று பெயர்.

தேய்வும் புதுப்பித்தலும்

‘உயி’ என்னும் சொல் தனியே நின்று இன்று என்னும் பொருளைத் தந்துகொண்டிருந்தபோது, மக்கள் அதற்கு முன் ‘ஓ ஜூர் த்’ என்று சேர்த்துச் சொல்ல வேண்டிய தேவை ஏன் எழுந்தது என்பதற்கு இரண்டு காரணங்கள் கூறப்படுகின்றன. முதலாவது, அழுத்திச் சொல்ல விரும்பும் பேச்சு இயல்பு. இரண்டாவது, சொல் தேய்ந்து மற்றச் சொற்களோடு மயங்கும் நிலை. மூன்று அசைகளாக இருந்த ‘ஹோதியே’ ஓர் அசையாகக் குறுகியது. அதே ஒலியோடு கதவைக் குறிக்கும் ‘உயி’ என்ற வேறொரு சொல்லும், மெய்யெழுத்துக்கு முன் இறுதித் தகரத்தை இழந்து ‘உயி’ என்றே ஒலிக்கும் எட்டும் பிரெஞ்சில் இருந்தன. ஒலியால் ஒன்றாகிவிடும் சொற்களில் ஒன்று விலகுவதும் மாற்றுச்சொல் தேடுவதும் மொழிகளில் நிகழ்வதுண்டு என்பதை, 1902க்கும் 1910க்கும் இடையே பிரான்சின் வட்டார வழக்குகளுக்கு நிலப்பட ஏடு வெளியிட்ட ஜூல் ஜில்லியெரோன் எடுத்துக்காட்டினார். தென்மேற்குப் பகுதியான கஸ்கோனின் பேச்சில் சேவலைக் குறித்த லத்தீன் சொல்லும் பூனையைக் குறித்த லத்தீன் சொல்லும் ஒலிமாற்றத்தால் ஒன்றாகிவிட்டபோது, அம்மக்கள் பூனைக்கு அப்பெயரை விட்டுவிட்டுச் சேவலுக்கு வேறு பெயர்களை வழங்கத் தொடங்கினர் என்பது அவர் காட்டிய புகழ்பெற்ற சான்று.

தேய்ந்த சொல்லை நீட்டிப் புதுப்பிக்கும் போக்கு பிரெஞ்சின் முன்னோராகிய பேச்சு லத்தீனிலேயே வேரூன்றியிருந்தது. சூரியன், காது, தேனீ ஆகியவற்றின் பிரெஞ்சுப் பெயர்களான ‘சொலெய்’, ‘ஓரெய்’, ‘அபெய்’ ஆகியவை, அவற்றின் அடிப்படை லத்தீன் சொற்களிலிருந்து வராமல், சிறுமைப்பொருள் விகுதி சேர்த்து நீட்டப்பட்ட வடிவங்களிலிருந்து வந்தவை. காது என்பதற்கு ‘அவ்ரிஸ்’ என்று எழுத வேண்டும், ‘ஓரிக்லா’ என்று எழுதக் கூடாது என்று ‘அப்பெந்திக்ஸ் புரோபி’ என்னும் பழைய பிழைதிருத்தப் பட்டியல் கண்டிக்கிறது. ஆனால் கண்டிக்கப்பட்ட வடிவமே வென்று இன்றைய பிரெஞ்சுச் சொல்லாயிற்று.

‘உயி’ விஷயத்திலும் அதுவே நடந்தது. இடைக்காலத்தில் ‘உயி’ என்பதும் ‘ஓ ஜூர் துயி’ என்பதும் அருகருகே வழங்கின. பின்னது பரவப் பரவ முன்னது சுருங்கி, சட்ட ஆவணங்களின் தொடர்களில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்து, பொதுவழக்கிலிருந்து மறைந்தது. தமிழ் இலக்கணத்தார் ஒரே பொருளுடைய சொற்கள் அடுத்தடுத்து வந்து ஒரு பொருளையே உணர்த்துவதை ஒருபொருட்பன்மொழி என்று வகுத்து, ‘நடுமையம்’ போன்றவற்றை அதற்குக் காட்டுவர். ஓஜூர்துயியும் பிறப்பால் அவ்வகையைச் சேர்ந்ததே. லத்தீன் வரை பிரித்தால் ‘இந்த நாளின் நாளில்’ என்றுதான் அது பொருள்படும். பேசுவோருக்கு உள்ளே இருக்கும் நாள் தெரியாமல் போனதால் புதிதாக ஒரு நாளைச் சேர்த்தனர். அதுவும் தெரியாமல் போய்விட்டது என்பதற்கு அடையாளமாக, ‘ஓ ஜூர் தோஜூர்துயி’ என்று மூன்றாவது நாளையும் சேர்த்துச் சொல்லும் வழக்கு இன்றைய பேச்சில் உண்டு. மொழித்தூய்மை பேணுவோர் அதைப் பிழை என்கின்றனர்.

லத்தீனுக்கு அப்பால்

லத்தீன் வரையிலான கால்வழிக்கு எழுத்துச் சான்றுகள் உண்டு. அதற்கு முந்தைய கட்டத்துக்கு ஒப்பீடே வழி. அந்த ஒப்பீட்டின் தொடக்க வரலாற்றில் தமிழ் மண்ணுக்கும் ஓர் இடம் உள்ளது. புதுச்சேரியில் வாழ்ந்த காஸ்தோன்-லோரான் கேர்தூ என்னும் பிரெஞ்சு இயேசு சபைத் துறவி, சமஸ்கிருதத்தில் கொடை ‘தானம்’ என்றும் லத்தீனில் ‘தோனும்’ என்றும், கைம்பெண் அங்கே ‘விதவா’ என்றும் இங்கே ‘விதுவா’ என்றும் வழங்குவது போன்ற ஒப்புமைகளைத் தொகுத்து, அவற்றுக்குப் பொதுவான தோற்றமே காரணம் என்னும் கருத்தோடு 1767இல் பாரிஸில் உள்ள கல்விக் கழகத்துக்கு எழுதி அனுப்பினார். அது அச்சேறியது 1808இல்தான்; அதற்குள் 1786இல் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் ஆற்றிய உரையின் வழியாக அக்கருத்து உலகறிந்ததாகிவிட்டது. 1816இல் பிரான்ஸ் போப் வினைவடிவங்களை ஒப்பிட்டு எழுதிய நூல் அதை அறிவியல் முறையாக வளர்த்தது. அவ்வழியில் மீட்டெடுக்கப்பட்டது இந்தோ-ஐரோப்பிய மூலமொழி. ஏறத்தாழ 5000 ஆண்டுகளுக்கு முன் கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் வடக்கேயுள்ள புல்வெளிகளில் அது பேசப்பட்டிருக்கலாம் என்பது அறிஞர் பெரும்பாலோர் கருத்து. அம்மொழியில் எழுதப்பட்ட ஒரு வரியும் கிடையாது. எனவே அதன் சொற்களுக்கு முன் ஓர் உடுக்குறி இட்டு, அவை ஏட்டில் கண்டவை அல்ல, கணித்து மீட்டவை என்று காட்டுவது மரபு.

‘தியேஸ்’ என்பதன் மூலமாக *த்யெவ் என்னும் வேர் மீட்கப்பட்டுள்ளது. ஒளிவிடுதல், ஒளிமிக்க வானம், பகல், வானத்துக்குரிய தெய்வம் ஆகிய பொருள்கள் அதில் ஒருங்கே அடங்கியிருந்தன. ரிக் வேதத்தில் வானத்தைத் தந்தையாக விளிக்கும் ‘த்யவுஷ் பிதர்’, கிரேக்கத்தில் தந்தை என்னும் அடைமொழி பெறும் ‘ஜியூஸ்’, ரோமர்களின் ‘யூப்பிதேர்’ ஆகிய மூன்று பெயர்களும் அவ்வேரிலிருந்து வந்தவை. லத்தீனில் அந்த ஒரே சொல் இரண்டாகப் பிரிந்தது: பகல் என்னும் பொருளில் ‘தியேஸ்’ என்றும், கடவுளின் பெயராக ‘யோவிஸ்’ என்றும் அது வழங்கியது. கடவுள் பெயரின் முதலில் ஒருகாலத்தில் தகரம் இருந்தது என்பதைப் பழைய லத்தீனில் காணப்படும் ‘தியோவிஸ்’ என்னும் வடிவமும், ‘தியேஸ்பிதேர்’ என்னும் பழம்பெயரும் உறுதி செய்கின்றன. பிரெஞ்சில் வியாழக்கிழமைக்கு வழங்கும் ‘ஜெதி’ என்பது யோவிஸின் நாள் என்று பொருள்படும். அதன் முற்பகுதியும் பிற்பகுதியும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை என்பதால், ஓஜூர்துயியைப் போல அதுவும் *த்யெவ் என்பதை இருமுறை சுமந்து நிற்கிறது.

சமஸ்கிருதத்தில் இன்று என்பதைக் குறிக்கும் ‘அத்ய’ என்னும் சொல், ‘இந்த’ எனச் சுட்டும் அகரமும் இவ்வேரின் குறுகிய வடிவமும் சேர்ந்தது. அமைப்பில் அது லத்தீன் ‘ஹோதியே’ என்பதோடு ஒத்துச் செல்கிறது. அதன் பிற்கால வரலாறும் கவனிக்கத்தக்கது. ‘அத்ய’ என்பதன் தகர யகரக் கூட்டு பிராகிருதத்தில் ‘அஜ்ஜ’ என்றும் இந்தியில் ‘ஆஜ்’ என்றும் மாறியது. ‘ஹோதியே’ என்பது இத்தாலியத்தில் ‘ஓஜ்ஜி’ ஆன முறையும் இதுவே. ஒன்றையொன்று அறியாத இரண்டு நிலங்களில் ஒரே வகை ஒலி ஒரே வகையாக மாறியிருப்பதற்கு, நாக்கின் அசைவுக்கு உள்ள பொதுவான எல்லைகளே காரணம்.

ஒப்புமை காட்டும் பொய்வழிகள்

லத்தீன் ‘தியேஸ்’ என்பதோடு பொருளிலும் முதலொலியிலும் மிக நெருங்கி நிற்பது ஆங்கிலத்தின் ‘டே’ என்னும் சொல். ஆனால் இரண்டும் உறவுடையவை அல்ல. ஜெர்மானிய மொழிகளில், மூலமொழியின் அதிர்வுடைய தகரம் அதிர்வற்ற ஒலியாக மாறிவிடும் என்பதை 1822இல் ஜேக்கப் கிரிம் விரித்துரைத்தார்: பத்தைக் குறிக்கும் லத்தீன் ‘தெக்கெம்’ ஆங்கிலத்தில் ‘டென்’ என்றும், இரண்டைக் குறிக்கும் ‘துவோ’ ‘டூ’ என்றும் அதிர்வற்ற ஒலியோடு வருகின்றன. ‘தியேஸ்’ என்பதற்கு ஆங்கிலத்தில் உறவுச்சொல் இருந்தால் அதுவும் அதிர்வற்ற ஒலியில்தான் தொடங்க வேண்டும். ‘டே’ அதிர்வுடைய ஒலியில் தொடங்குவதால் அதன் மூலம் வேறு. இந்த வேரின் உண்மையான ஆங்கிலத் தோன்றல், பழைய ஜெர்மானியக் கடவுளான டீவ் என்பவரின் பெயரைத் தாங்கி, செவ்வாய்க்கிழமையைக் குறிக்கும் ‘டியூஸ்டே’ என்பதன் முற்பகுதியில் உள்ளது. அவ்வாறே கடவுளைக் குறிக்கும் லத்தீன் ‘தேயுஸ்’ என்பது *த்யெவ் குடும்பத்தைச் சேர்ந்து சமஸ்கிருத ‘தேவ’ என்பதோடு உறவுடையது; ஆனால் அதே பொருளும் ஏறத்தாழ அதே ஒலியும் உடைய கிரேக்கத் ‘தெயோஸ்’ வேறொரு வேரிலிருந்து வந்தது. ஒத்து ஒலிப்பவை பிரிந்து போவதும், ‘ஜூர்’, ‘உயி’, ‘ஜியூஸ்’ போல ஒரு சிறிதும் ஒவ்வாதவை ஒரே குடும்பமாக நிற்பதும் இத்துறையில் இயல்பானவை.

கால்வழியாக வந்த சொல்லையும் கடனாகப் பெற்ற சொல்லையும் பிரித்தறிவதும் இன்றியமையாதது. பிரெஞ்சில் ‘பகலுக்குரிய’ என்னும் பொருளில் ‘தியுர்ன்’ என்றொரு சொல் உண்டு. ‘ஜூர்’ பிறந்த அதே லத்தீன் சொல்லிலிருந்து வந்ததாயினும், மக்கள் வாயில் தேயாமல், கற்றவர்கள் இடைக்காலத்தின் இறுதியில் நூல்களிலிருந்து நேரே எடுத்துக்கொண்டதால் அது ஏறத்தாழ லத்தீன் வடிவத்தோடு நிற்கிறது. வடசொற்களை ஒலி மாறாதவை என்றும் மாறியவை என்றும் தற்சமம், தற்பவம் எனப் பிரித்துப் பழகிய தமிழ் இலக்கண மரபுக்கு இவ்வேறுபாடு புதிதன்று. தமிழில் வழங்கும் ‘தேவன்’, ‘திவ்வியம்’ ஆகிய சொற்கள் *த்யெவ் குடும்பத்தைச் சேர்ந்தவை என்றாலும், அவை சமஸ்கிருதத்தின் வழியாக வந்த கடன்சொற்கள் என்பதால், அவற்றைக் கொண்டு தமிழை அக்குடும்பத்தில் சேர்க்க முடியாது. தென்னிந்திய மொழிகள் தனிக்குடும்பம் என்பதை 1816இல் சென்னையில் பிரான்சிஸ் எல்லிஸும், 1856இல் வெளியான ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல்லும் நிறுவியுள்ளனர்.

தமிழ்ச் சொற்களுக்கு உலக மொழிகளில் உறவு காட்டும் கட்டுரைகளும் உரைகளும் பெருகிவரும் இக்காலத்தில், வாசகர்கள் அவற்றை வியப்போடு மட்டும் எதிர்கொள்வது போதாது. ஓர் இணைப்பு காட்டப்படும்போது, அதே ஒலி அதே சூழலில் அவ்வாறே மாறிய வேறு ஐந்தாறு சொற்கள் எவை, இடைப்பட்ட வடிவங்கள் எந்த நூலில் அல்லது எந்தக் கல்வெட்டில் உள்ளன, இது கால்வழியா கடனா என்று கேட்க வேண்டும். அக்கேள்விகளுக்கு விடை தரும் ஆய்வை ஏற்கலாம். விடை தராததை, அது எவ்வளவு பெருமையூட்டுவதாக இருந்தாலும், ஊகம் என்றே கொள்ள வேண்டும்.